தீண்டாமைக்குப் பிரிவு 17. சாதிக்கு எந்தப் பிரிவு?

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பி, "தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு எது?" என்று கேட்டாலும் "17" என்று பதில் வரும். அடுத்து, "சாதியை ஒழிக்கும் பிரிவு எது?" என்று கேளுங்கள். பிள்ளை விழிக்கும். சரியாகப் படிக்காததால் அல்ல. அப்படி ஒரு பிரிவு இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை.

பருத்திப்பட்டில் மாலை நேரங்களில் சில பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், பிரிவு 17-லயும் ஒழிப்புன்னுதான் இருக்கு. அம்பேத்கர் புத்தகத்தையும் சாதி ஒழிப்புன்னுதான் சொல்றாங்க. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

தமிழில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு. பிரிவு 17 தீண்டாமையை 'அபாலிஷ்' செய்கிறது. அம்பேத்கர் 1936இல் தன் நூலுக்கு வைத்த தலைப்பில் இருப்பது 'அனிஹிலேஷன்'. இரண்டையும் நாம் 'ஒழிப்பு' என்றே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் சாதி சுகமாகக் குடியிருக்கிறது என்பது என் வாதம்.

அபாலிஷ் என்பது அதிகாரம் செய்யும் வேலை. அதற்கு ஒரு தேதி உண்டு, ஒரு கையெழுத்து உண்டு, அரசிதழ் உண்டு. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிந்தது. 1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தத்தால் மன்னர் மானியம் ஒழிந்தது. ஜமீன்தாரின் உரிமையும் மன்னரின் மானியமும் அரசு எழுதிக் கொடுத்தவை. காகிதத்தால் வந்ததைக் காகிதத்தால் எடுத்துவிடலாம்.

அனிஹிலேஷன் வேறு. அதன் வேரில் இருக்கும் 'நிஹில்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். இருந்த இடம் தெரியாமல், மிச்சம் மீதி இல்லாமல், ஒன்றுமில்லாமல் ஆக்குவது. அதற்குக் கையெழுத்துப் போட எந்தக் குடியரசுத் தலைவராலும் முடியாது. சாதி எந்த அரசாணையாலும் பிறக்கவில்லை. ரத்து செய்ய அதற்கு அரசாணை எண் கிடையாது.

அம்பேத்கர் அகராதிக்காரரைப் போல இரண்டு சொற்களையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைத்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த நூலுக்குள்ளேயே அபாலிஷ் என்ற சொல்லும் வருகிறது. ஆனால் தலைப்புக்கு அவர் எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்பதற்கு அந்த நூலின் கதையே விடை.

லாகூரில் இருந்த ஜாத்-பாத் தோடக் மண்டல் அவரை 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தது. தோடக் என்றால் உடைப்பவர். சாதியை உடைக்கப் புறப்பட்ட அமைப்பு அது. உரையின் அச்சுப் படியைப் பார்த்ததும் அவர்களுக்கு உதறல் எடுத்தது. வேதம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்ற நிலையில் அம்பேத்கர் நின்றார். மாநாடு நடக்கவில்லை. அவரே தன் கைக்காசில் 1936 மே மாதம் உரையை நூலாக்கினார்.

மண்டலின் சிக்கல் என்ன? சாதி வேண்டாம், சாதிக்குப் புனிதம் கொடுக்கும் சாத்திரம் வேண்டும் என்பதுதான். அம்பேத்கர் பிடித்தது அந்த இடத்தை. சாதி செங்கல் சுவரோ முள்வேலியோ அல்ல, அது மனதில் இருக்கும் ஒரு கருத்து. அந்தக் கருத்தைப் புனிதமாக்கும் சாத்திரங்களின் அதிகாரத்தைத் தகர்க்காமல் சாதியைத் தகர்க்க முடியாது என்றார். உட்சாதிகளை மட்டும் முதலில் ஒழிப்போம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது என்றார். பாதி வேலைகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து ஒதுக்கிவிட்டு வந்த பிறகு மிஞ்சிய சொல்தான் அனிஹிலேஷன்.

அதே மனிதர் வரைவுக் குழுத் தலைவராக இருந்த அரசியலமைப்பில் ஏன் அபாலிஷ் மட்டும், அதுவும் தீண்டாமைக்கு மட்டும்?

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. அப்போது அதற்கு 11 என்று எண். வங்காளத்தைச் சேர்ந்த பிரமத ரஞ்சன் தாக்கூர் அதற்கு முன்பே, 1947 ஏப்ரலில் அதே சபையில் எழுந்து, தீண்டாமை நோயின் அறிகுறிதான், நோய் சாதியமைப்பு, சாதியை விட்டுவிட்டு எப்படித் தீண்டாமையை ஒழிப்பீர்கள் என்று கேட்டார். தீண்டாமை என்றால் என்னவென்று வரையறை வேண்டும் என்றும் குரல் எழுந்தது. எதுவும் ஏற்கப்படவில்லை. பிரிவு நிறைவேறியதும் அவையில் எழுந்த முழக்கம் 'மகாத்மா காந்திக்கு ஜே'. வருணத்தைக் கடைசிவரை கைவிடத் தயங்கியவரின் பெயரைச் சொல்லித்தான் அந்த அவை தீண்டாமையை ஒழித்தது. அந்த அவையிடம் அதற்கு மேல் வாங்க முடியாது என்பது அம்பேத்கருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். 22 உறுதிமொழிகள் ஏற்கச் செய்தார். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனைக் கடவுளாக ஏற்க மாட்டேன், பார்ப்பனரைக் கொண்டு எந்தச் சடங்கும் செய்ய மாட்டேன் என்பவை அவற்றில் உண்டு. இது சட்டம் அல்ல. எந்த நீதிமன்றமும் நிறைவேற்றி வைக்காது. ஒவ்வொருவரும் தனக்குள் இருக்கும் சாத்திர அதிகாரத்தைத் தானே இறக்கி வைக்கும் செயல். அபாலிஷ் என்பதை அரசிடம் எழுதி வாங்கினார். அனிஹிலேஷனை மக்களோடு செய்யத் தொடங்கினார். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அவர் வைக்கவில்லை.

நம் பக்கம் வருவோம். காங்கிரசுக்காரர்கள் 1930களில் சொன்னது 'தீண்டாமை விலக்கு'. விலக்கு என்றால் நகர்த்தி வைப்பது. அதைவிட 'ஒழிப்பு' வீரியமான சொல்தான். அம்பேத்கரின் நூலைச் சுடச்சுடத் தமிழில் கொண்டுவந்த குடிஅரசு இயக்கமும் 'ஜாதியை ஒழிக்க வழி' என்றே பெயரிட்டது. சொல்லில் குறையில்லை. ஆனால் தமிழில் ஒழி என்ற வேருக்கு இன்னொரு முகமும் உண்டு. யாப்பருங்கலக் காரிகையின் கடைசிப் பகுதிக்கு ஒழிபியல் என்று பெயர். ஒழிபு என்றால் எஞ்சியது. 'அது ஒழிய' என்றால் அது தவிர. நாட்டில் நடந்ததை இந்தச் சொல்லாலேயே சொல்லிவிடலாம்: சாதி ஒழிய மற்றதை ஒழித்தார்கள்.

இதைப் பளிச்சென்று பிடித்தவர் பெரியார். அரசியலமைப்பு ஒழித்தது தீண்டாமையைத்தானே, சாதியை இல்லையே என்று கேட்டார். மதச் சுதந்திரம் என்ற பெயரில் சாதிக்குக் காப்பு கொடுக்கும் பிரிவுகளை நீக்கக் கோரி 1957 நவம்பர் 3 அன்று தஞ்சையில் மாநாடு கூட்டினார். நவம்பர் 26 அன்று ஆயிரக்கணக்கான தோழர்கள் அந்தப் பிரிவுகளைக் கொளுத்திச் சிறைக்குப் போனார்கள். கொளுத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்று சென்னை மாநில அரசு அதற்காகவே அவசரமாக ஒரு சட்டம் போட்டது. தீண்டாமை ஒழிந்த நாட்டில், சாதியை ஒழி என்றதற்குச் சிறை.

நம் பள்ளிப் பாடநூல்களைத் திறந்தால் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படித்துவிட்டோம். சாதியைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. பருத்திப்பட்டுக்கு அருகில்தான் ஆவடி. 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிசத்தைத் தீர்மானமாக்கவில்லை. 'சோசலிச பாணி' சமுதாயத்தைத் தீர்மானமாக்கியது. அந்த ஒட்டுச் சொல்லுக்குள் எத்தனை பண்ணைகளும் ஆலைகளும் பத்திரமாகப் பதுங்கின என்பதை நாடு பார்த்தது. அதே ஆண்டு ஜூன் 1 அன்று தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தேவையான சட்டம். அதுவும் சாதியைத் தொடவில்லை.

கருவறை வாசலில் இரண்டு சொற்கள்

இந்த வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரியும் இடம் கோயில் கருவறை. பூசாரி வேலை பரம்பரையாக இருக்கக் கூடாது, தேர்வு வைத்து யார் தேறினாலும் கொடுக்க வேண்டும் என்று அம்பேத்கர் 1936 நூலிலேயே எழுதினார். பெரியார் கருவறை நுழைவுப் போராட்டம் அறிவித்தார். 1970 டிசம்பரில் கலைஞர் அரசு அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? சட்டம் செல்லும். அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல், ஆகவே பரம்பரை உரிமையை அரசு ஒழிக்கலாம். ஆனால் யார் சிலையைத் தொடலாம் என்று ஆகமம் சொல்கிறதோ, அதை மீற முடியாது.

இதைவிடத் தெளிவாக யாராலும் பாடம் நடத்த முடியாது. அப்பன் பதவி மகனுக்கு என்ற முறை அபாலிஷ் ஆனது. இன்னார் தொட்டால் சாமி தீட்டாகும் என்ற கருத்து அப்படியே நின்றது. 2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை வந்தது. 200க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி முடித்தார்கள். வழக்கு போட்டு நிறுத்தினார்கள். 2015 டிசம்பர் தீர்ப்பும் ஆகமத்தைக் கைவிடவில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் பயிற்சி பெற்ற 24 பேருக்கு மு.க.ஸ்டாலின் அரசு பணி ஆணை கொடுத்தது. சட்டம் வந்து 50 ஆண்டுகள் கழித்து. அந்த 24 பேரின் வெற்றி நம் வெற்றி. ஆனால் தடுத்தது எது? பரம்பரை அல்ல, அது 1970இலேயே சட்டத்தில் செத்துவிட்டது. தடுத்தது சாத்திரத்தின் அதிகாரம். லாகூர் மண்டல் எடுத்துவிடச் சொன்ன அதே சொல்.

வரையறையால் ஒழிப்பது

ஒழிப்பதற்கு மூன்றாவது வழி ஒன்றையும் ஆட்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலம் அள்ளும் தொழிலை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சம் ஆக்கியது. இறப்பு நிற்காததால்தானே தொகை ஏறுகிறது? ஆனால் 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அமைச்சர், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றார். கழிவுநீர்க் குழியிலும் செப்டிக் டேங்கிலும் இறப்பவர்கள் 'ஆபத்தான துப்புரவு' என்ற வேறு கணக்கில் வருவார்களாம். தொழில் ஒழியவில்லை. அந்தத் தொழிலின் பெயரை ஒழித்தார்கள்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் முழுக்க வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர் லாரிதான் கதி. அந்த லாரியின் குழாய் அடைத்துக்கொண்டால் குழிக்குள் யார் இறங்குகிறார்? இதைக் கேட்டால் போதும், ஒழிப்பு எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆவடி மாநகராட்சிப் பகுதியும் இந்தச் சாவுகளைப் பார்த்திருக்கிறது. இறங்குகிறவரின் சாதி எது என்று இந்தத் தளத்தின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். முகவரி எழுதும்போதே ஒரு பிள்ளை கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நகரத்தில் டீச்சர்ஸ் காலனி, பாங்க் காலனி என்று முகவரி எழுதுகிறவர் யாரும் கூசுவதில்லை. கிராமத்தில் அதே சொல் இழிவு. ஆக, அழுக்கு சொல்லில் இல்லை. சேரி என்றார்கள், பிறகு காலனி என்றார்கள், நாளை வேறு பெயர் வைப்பார்கள். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும்வரை எந்தப் புதுப் பெயருக்கும் பத்து ஆண்டில் அதே அழுக்கு ஏறும். பெயரை மாற்றுவது அபாலிஷ். ஊரையும் சேரியையும் ஒன்றாக்குவதுதான் அனிஹிலேஷன்.

வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் எனக்கு இது பாடமானது. ஒரு வீட்டுக்காரர் சாதிப் பெயரை உச்சரிக்கவே இல்லை. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலசாமி எது? கவுச்சி சமைப்பீங்களா?" அவ்வளவுதான். மறுநாள் போன் வந்தது: "தப்பா நினைக்காதீங்க தம்பி, எங்க சொந்தக்காரங்களே வர்றாங்க." அந்த 'டூலெட்' பலகை அடுத்த இரண்டு மாதம் அங்கேயே தொங்கியது. எந்தச் சட்டப் பிரிவில் புகார் கொடுப்பது? குலசாமியைக் கேட்பது குற்றமா? பிரிவு 17 அந்த வாசற்படிவரை வந்து நின்றுவிட்டது. உள்ளே இருந்தது வேறு.

சான்றிதழ் வாதம்

இந்த இடத்தில் ஒரு குரல் தவறாமல் வரும். "சாதியை ஒழிக்கணும்னா முதல்ல சர்டிபிகேட்ல இருந்து சாதியை எடுங்க. பள்ளிக்கூடத்துல கேக்குறதை நிறுத்துங்க. தானா ஒழிஞ்சிடும்." படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், சில நேரம் நம் நண்பர்களே சொல்வது.

இந்த வாதத்தை உடைக்க இரண்டு சொற்களின் வேறுபாடே போதும். சான்றிதழில் சாதியை எடுப்பது அபாலிஷ் மட்டும். பதிவேடு சுத்தமாகும், கருவறை, குழி, கல்யாணம், வாடகை வீடு எதுவும் மாறாது. மாறுவது ஒன்றுதான்: யாருக்கு என்ன மறுக்கப்பட்டது என்று எண்ணிக் காட்டும் அளவுகோல் காணாமல் போகும். காய்ச்சல் இருக்கும்போதே தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது இது. 1951இல் வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் செல்லாது என்றபோது தமிழ்நாடு கொந்தளித்தது. அதன் விளைவாகத்தான் முதல் அரசியலமைப்புத் திருத்தமும் 15(4)உம் வந்தன. அந்தச் சான்றிதழ் சாதியின் பெருமைப் பத்திரம் அல்ல. நட்ட ஈட்டுக்கான ரசீது. கடன் தீரும் முன்பே ரசீதைக் கிழிக்கச் சொல்பவர் யார் என்று பாருங்கள், கடன்பட்டவராகத்தான் இருப்பார்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொன்னது. வெட்டினோம். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பரவலாக நடக்காத சாதனை அது. ஆனால் பெயரிலிருந்து போன சாதி கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டது. 2011-12இல் நாடு தழுவி நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் சாதி மறுப்புத் திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான். பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லாத நம் மாநிலத்தில்தான் சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டுகிறார்கள்.

அதனால் சட்டம் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லையென்றால் எத்தனையோ ஊர்களில் நம் மக்கள் காவல் நிலையப் படியேறவே முடியாது. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் புரோகிதர் இல்லாத திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. சாத்திரத்தின் பிடியைச் சட்டமே தளர்த்திய அரிய இடம் அது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கட்டாயம் வேண்டும். சட்டம் வேலி. வேலி இல்லாமல் பயிர் நிற்காது. ஆனால் வேலி போட்டதும் அறுவடை முடிந்துவிட்டதாக மாலை போட்டுக்கொள்ளக் கூடாது.

'ஒழிப்பு' என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்காகச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'ஒழித்துவிட்டோம்' என்று யாராவது மேடையில் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். ஒழித்தது சாதியின் பெயரையா, சாதியையா? அதற்குப் புனிதம் கொடுத்த அதிகாரம் இன்னும் நிற்கிறதா? இழந்தவருக்கு என்ன திரும்பி வந்தது?

நான்காவது கேள்வி மேடைக்கு அல்ல, நம் வீட்டுக்கு. குலசாமிக் கோயில் வரிப் பட்டியலில், மகளின் வரன் பார்க்கும் செயலியில், வாடகைக்கு வருபவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியில் என்ன மிஞ்சியிருக்கிறது? அங்கே எந்தப் பிரிவும் வந்து ஒழிக்காது. பிரிவு 17ஐ அரசு எழுதியது. சாதிக்கான பிரிவை நாம்தான் வீடு வீடாக எழுத வேண்டும்.